கேப் எருமைக்கு கஸ்டம் ரைஃபிள்: .375ஆ, .416ஆ, .458ஆ?

கடல்தாண்டி_கீழக்கரை

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். சொந்த ஊர் கீழக்கரை, பிழைப்பு டர்பனில். தங்கை கல்யாணத்துக்காக ஒரு மாதம் ஊரில் இருக்கிறேன். கேட்கப்போவது முழுக்க தென்னாப்பிரிக்காவில் நடக்கிற காரியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நிரந்தர வசிப்புரிமை, ஆயுதத் தகுதிச் சான்று, ஒரு .30-06க்கு லைசென்ஸ் எல்லாம் முறையாக இருக்கிறது. இம்பாலா, கூடு மான் வரை அதில்தான் அடித்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் லிம்போபோ பக்கம் ஒரு பண்ணையில் கேப் எருமைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு ரைஃபிள் செய்யலாம் என்று ஆசை. எனக்குத் தெரிந்த கன்ஸ்மித்திடம் ஒரு மவுசர் 98 மேக்னம் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டுகிற இயந்திரப் பகுதி, இருக்கிறது. "காலிபரை (குழல் உள்விட்டம், தோட்டா வகை) சொல், குழலுக்கு ஆர்டர் போடுகிறேன்" என்கிறார். என் மனசு .458 லாட்டில் நிற்கிறது. ஒரு தடவை செய்யப்போகிறோம், பெரியதாகவே செய்துவிடலாமே என்று. என் உயரம் ஐந்தடி ஆறு, எடை 68 கிலோ. யாராவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பாம்பன்_லேத்து

காக்கா, நான் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன். துப்பாக்கியைப் படித்துத்தான் தெரியும், ஆனால் இரும்பு தெரியும். முதலில் ஒன்று கேளுங்கள்: அந்த ஆக்‌ஷனின் போல்ட் முகம் (தோட்டாவின் அடியைப் பிடிக்கிற பக்கம்) எந்த அளவுக்கு வெட்டியிருக்கிறது? எல்லாரும் குழலைப் பற்றியே பேசுவார்கள், செலவு போல்ட்டில்தான் வந்து உட்காரும்.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், .416 ரெமிங்டன், .458 லாட் மூன்றும் ஒரே குடும்பம். கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிப்பகுதி சுமார் 13.5 மி.மீ., மூன்றுக்கும் ஒன்றுதான். .375தான் தாய், மற்ற இரண்டும் அதன் கேஸை வைத்துப் பிறந்தவை. .416 ரிக்பி வேறு சாதி. அதன் அடி 15 மி.மீ. போல்ட் முகத்தை அகலப்படுத்தணும், மேகசின் பெட்டியும் அகலமாகணும், ரவுண்டு உள்ளே ஏறுகிற தண்டவாளத்தையும் திருத்தணும்.

போல்ட் 13.5க்கு வெட்டியிருந்தால் இன்றைக்கு .375 குழல் போட்டு, ஐந்து வருடம் கழித்து மனசு மாறினால் .416 ரெமிங்டனோ லாட்டோ குழல் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேகசினில் கொஞ்சம் வேலை இருக்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் காகிதத்தில் காலிபர் மாறும், அது உங்கள் ஊர்ச் சட்டப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஆர்மரர்

மண்டபம். பட்டாளத்தில் 24 வருடம் ஆயுதப் பட்டறை. முதுகுளத்தூர் பக்கம் பிறந்தவன்.

தம்பி, "ஒரு தடவை செய்யப்போகிறோம், பெரியதாகவே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. வீடு கட்டும்போதும் நம் ஆட்கள் இதையேதான் சொல்வார்கள், அப்புறம் மாடியில் நெல் காயவைப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். .375இல் 300 கிரெய்ன் குண்டு, அதாவது 19 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, வினாடிக்கு சுமார் 770 மீட்டர் வேகத்தில் போகும். குழல் வாயில் ஆற்றல் 5,700 ஜூலுக்கு மேல். .416இல் 400 கிரெய்ன், சுமார் 730 மீட்டர், 6,900 ஜூல். லாட்டில் 500 கிரெய்ன், சுமார் 700 மீட்டர், 7,900 ஜூலை ஒட்டி வரும். இதைப் பார்த்தால் லாட்தான் ராஜா. அது எருமைக்குப் போகிற கணக்கு. உங்கள் தோளுக்கு வருகிற கணக்கை யாரும் எழுதவில்லை.

உங்கள் .30-06 மூன்றரைக் கிலோ இருக்குமா? அதன் உதை சுமார் 27 ஜூல். .375 நாலு கிலோ ரைஃபிளில் 53ஐ ஒட்டி. .416 நாலரைக் கிலோவில் 80 பக்கம். லாட் அதே எடையில் 90ஐத் தாண்டும். வெடிமருந்தைப் பொறுத்து ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம். இப்போது நீங்கள் வாங்குவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரே அடியில் வாங்கப்போகிறீர்கள். 68 கிலோ உடம்பு தாங்கும், எலும்பு ஒன்றும் முறியாது. தாங்காதது கண்ணும் விரலும்தான். அடுத்த ரவுண்டுக்கு விரல் விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் காலிபராக இருந்தால் என்ன?

ஆகவே ஒரே கேள்வி: லாட்டில் எத்தனை ரவுண்டு சுட்டிருக்கிறீர்கள்?

கடல்தாண்டி_கீழக்கரை

அய்யா, உண்மையைச் சொன்னால் மூன்று. நண்பருடைய ரைஃபிளில், ரேஞ்சில், மேசையில் சாய்ந்து உட்கார்ந்து. முதல் ரவுண்டு நடு வட்டம். இரண்டாவது வட்டத்துக்கு ஓரம். மூன்றாவது எங்கே போனது என்று தேடினோம். நண்பர் காற்று என்றார்.

பழைய_ஆர்மரர்

காற்று இல்லை தம்பி.

மேசையில் உட்கார்ந்து பெரிய போர் (குழல் விட்டம்) உள்ள துப்பாக்கியைச் சுடவே கூடாது. உடம்பு பின்னால் போக இடம் இல்லாமல் முழு உதையும் தோள்பட்டையில் இறங்கும். நின்று சுட்டால் இடுப்புவரை உடம்பு அலைபோல வாங்கிக்கொள்ளும். கரையில் நின்று அலை வாங்குவதற்கும் பாறையில் முதுகை வைத்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். நண்பரிடம் கொடுத்து உங்களுக்குத் தெரியாமல் நிரப்பச் சொல்லுங்கள், சில தடவை நிஜ ரவுண்டு, சில தடவை மருந்தில்லாத டிரில் ரவுண்டு. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் சுடணும். டிரில் ரவுண்டு வரும்போது விசையை அழுத்தியதும் குழல் முனை அசையாமல் நின்றால் நீங்கள் அந்தக் காலிபருக்குத் தயார். முனை கீழே முங்கினால் இல்லை. பட்டாளத்தில் ரிக்ரூட்டுகளுக்கு இதைத்தான் செய்வோம். பொய் சொல்லவே முடியாத சோதனை.

கமுதி_மானாவாரி

அண்ணன்மாரே, நடுவில் நுழைகிறேன். எங்கள் பக்கம் சீமைக்கருவேலங் காட்டிலிருந்து பன்றி இறங்கி நிலக்கடலை, சோளம் எல்லாவற்றையும் உழுதுவிட்டுப் போகிறது. பன்றிக்கு எந்தக் காலிபர் நல்லது?

பழைய_ஆர்மரர்

உங்களுக்கு எந்தக் காலிபரும் இல்லை மாப்ள. கோபப்படாமல் கேளுங்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபிறகு இங்கே பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தாலும் வனத்துறையை மீறிச் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான். எழுத்தில் புகார் கொடுங்கள், இழப்பீட்டுக்கு வி.ஏ.ஓ. சான்றோடு விண்ணப்பம் போடுங்கள். அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி) வைக்கிற யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதில் பன்றியை விட மாடும் நாயும் பிள்ளைகளின் கையும்தான் அதிகம் போகிறது.

தொண்டிக்காரன்

நானும் நடுவில் நுழைகிறேன், ஆனால் வேறு காரணத்துக்கு. நீங்களெல்லாம் ஜூல், கிரெய்ன் என்று பேசுவதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த எருமை உங்களை என்ன செய்தது காக்கா?

என் தாத்தா காலத்தில் இந்தக் கரையில் ஆவுளியா (கடற்பசு) கறி கல்யாணப் பந்தியில் போட்டிருக்கிறார்கள். வலையில் மாட்டினால் ஊரே கூடும். இன்றைக்கு அதே ஊர் ஆட்கள் வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விடுகிறார்கள். வலை போனால் பரவாயில்லை என்று. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தார்கள். நாம் விட்டுவிட்டு வந்த ஒன்றை வேறு நாட்டில் போய்க் காசு கொடுத்துச் செய்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடல்தாண்டி_கீழக்கரை

தொண்டி மச்சான், கேட்டது நியாயம்தான். என் தரப்பையும் சொல்கிறேன். அங்கே அது தனியார் பண்ணை. வேலி போட்டு வளர்க்கிறார்கள், எத்தனை எடுக்கலாம் என்று கணக்கு வைத்து விற்கிறார்கள். எருமைக்கு விலை இருப்பதால்தான் அந்த நிலத்தில் எருமை நிற்கிறது, இல்லாவிட்டால் மாட்டுப் பண்ணை ஆகிவிடும். கறி ஒரு கிலோ வீணாகாது. இதெல்லாம் உண்மை. அதையும் தாண்டி எனக்குள்ளே ஒரு ஆசை இருக்கிறது என்பதும் உண்மை. அதை நியாயம் என்று வாதாட மாட்டேன்.

தொண்டிக்காரன்

அந்தக் கடைசி வரிக்காக உங்களை மதிக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை. தொடருங்கள், படித்துக்கொண்டுதான் இருப்பேன்.

சேதுச்சீமை_சுவடி

காலிபர் என்றதும் ஒரு பழைய கதை. இந்த .470, .465, .475 என்று ஒட்டி ஒட்டி ஏன் இத்தனை எண்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்குக் காரணம் நம் நாடு. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 போர் ரைஃபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டது, சூடானுக்கும் சேர்த்து. பழைய மார்ட்டினி ஹென்றி பட்டாளத் துப்பாக்கிகளும் .450தான். வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி அதில் போட்டுக் கலகக்காரர்கள் சுட்டுவிடுவார்கள் என்று பயம். லண்டன் கடைக்காரர்கள் இந்தியச் சந்தையை விடுவார்களா? ஆளுக்கொரு பக்கம் ஒரு நூல் கூட்டி, .465, .470, .475, .476 என்று போட்டுக்கொண்டு மறுபடி கப்பல் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் யானைக்கு .470 இரட்டைக்குழல் தூக்குகிறவர் இந்தியத் தடை பெற்ற பிள்ளையைத்தான் தூக்குகிறார்.

நம் ஊரில் லைசென்ஸ்காரர்கள் வைத்திருக்கிற .315 கதையும் அதேதான். பட்டாளத்தின் .303 பொதுமக்கள் கைக்கு வரக்கூடாது என்பதால் வேறு அளவு. அந்த .315 தோட்டாவின் பூர்வீகம் ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிக்கர்.

1801க்குப் பிறகு கும்பெனி நம் சீமையில் ஆயுதங்களைப் பறித்தபோது எறிந்து தாக்குகிற வளரியைக்கூட விடவில்லை என்பார்கள். ஆயுதத்தைப் பார்த்து அரசு பயப்படுவது புதுசு இல்லை.

பாம்பன்_லேத்து

சுவடி அண்ணே, அருமை. ஆனால் வளரி பற்றி ஒன்று. எங்கள் வீட்டில் இரும்பு வளரி ஒன்று கிடந்தது. தாத்தா சொல்வார், ஆளுக்கு ஆள் எடை வேறு, அடுத்தவன் வளரியை எறிந்தால் தோள் கழன்றுவிடும் என்று. ஆர்மரர் அய்யா சொல்வதும் அதுதான் போல.

இருந்தாலும் நான் .416 கட்சி. .375 நடுவில் நிற்கிறது, மானுக்கு அதிகம், எருமைக்குச் சரியாகப் போதும். .416 எருமைக்கு நிம்மதி. அதிலும் ரிக்பி வேண்டாம், ரெமிங்டன். ஒரே வேகம், போல்ட் வேலை மிச்சம்.

பழைய_ஆர்மரர்

ரிக்பியை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதே. 1911இல் ஏன் அவ்வளவு பெரிய கேஸ் செய்தார்கள்? அன்றைய மருந்து கார்டைட். வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். லண்டன் குளிரில் சரியாக இருந்த ரவுண்டு நம் சித்திரை வெயிலில் கேஸை வீங்க வைத்துவிடும், போல்ட்டைத் திறக்க முடியாது. எதிரே காயம்பட்ட மிருகம் நிற்கும்போது போல்ட் இறுகினால் கதை முடிந்தது. அதனால் இடம் நிறைய விட்டு அழுத்தத்தைக் குறைத்துவைத்தார்கள். ரிக்பிக்கு உச்ச அழுத்தம் 3,250 பார். அதே வேலையைச் சின்னக் கேஸில் செய்கிற ரெமிங்டனுக்கு 4,300. இன்றைய மருந்து வெயிலுக்கு அவ்வளவு ஆடாது என்பதால் ரெமிங்டனும் ஓடுகிறது. ஆனாலும் சூடான நாட்டில் குறைந்த அழுத்தம் என்பது தலைக்கு மேல் நிழல் மாதிரி, இருந்தால் நல்லது.

லாட் பிறந்ததும் இப்படி ஒரு கஷ்டத்தில்தான். 1956இல் வந்த .458 வின்செஸ்டர், சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்கணும் என்று கேஸைக் குட்டையாக வெட்டினார்கள். மருந்தை அமுக்கி அமுக்கி அடைத்ததில் நாள்பட்டால் கட்டிதட்டி வேகம் குறைந்துபோன புகார்கள் வந்தன. ஜாக் லாட் என்பவர் 1959இல் மொசாம்பிக்கில் அந்தக் காலிபரோடு போய் எருமையிடம் அடிபட்டார். அப்புறம் நீளமான கேஸில் தானே ஒன்று செய்தார், அதுதான் தம்பி ஆசைப்படுகிற லாட். நல்ல காலிபர்தான், நான் குறை சொல்லவில்லை. தினமும் காயம்பட்ட யானை பின்னால் போகிற தொழில்காரனுக்கு அது. தம்பி வருடத்தில் ஒரு வாரம் போகிறவர்.

.375ஐப் பற்றி லேத்து சொன்னதில் பாதி சரி. 1912இலிருந்து இன்றுவரை ஆப்பிரிக்கா முழுக்க ஓடுகிறது. பல நாடுகளில் ஆபத்தான மிருகத்துக்குக் குறைந்தபட்ச அளவே அதுதான். உன் "நடுவில் நிற்கிறது" என்கிற வாதம் இங்கே தலைகீழ். 200 கஜம் வரை அதன் பாதை ஏறக்குறைய .30-06 மாதிரிதான் போகும். இதே துப்பாக்கியில் தம்பி கூடு மானும் அடிக்கலாம். வருடம் முழுக்கக் கையில் இருக்கிற துப்பாக்கிதான் எருமை முன்னால் பழகின துப்பாக்கி. பீரோவில் தூங்குகிற .416 அன்னியன்.

பாம்பன்_லேத்து

கிம் கார்பெட்டு, கென்னத் ஆண்டர்சன் மாதிரி பழைய புலி வேட்டைக்காரர்கள் எல்லாம் என்ன வைத்திருந்தார்கள்? ஆண்டர்சன் .405 வின்செஸ்டர். பெரிய போர்தானே?

சேதுச்சீமை_சுவடி

ஜிம் கார்பெட், கிம் இல்லை :) அவரிடம் .450/400 இரட்டைக்குழலும் இருந்தது, .275 ரிக்பியும் இருந்தது. .275 என்றால் 7 மி.மீ., அவ்வளவு சின்னது. அதே 7 மி.மீ. அளவை வைத்து பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் நூற்றுக்கணக்கில் யானை அடித்திருக்கிறார். எலும்புக்கூடு மனப்பாடம் அவருக்கு.

பழைய_ஆர்மரர்

பெல் கதையை யாரும் பின்பற்றவேண்டாம். அவர் தொழிலே அதுதான். ஆனால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எருமையின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேரே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. அங்கே போன .375 போதும். வயிற்றில் போன .458 போதாது.

குண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், காலிபர் சண்டையில் எல்லாரும் இதை மறந்துவிடுவார்கள். சாதாரண ஈய மூக்குக் குண்டு தோள் எலும்பில் சிதறிவிடும். நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நோஸ்லர் பார்ட்டிஷன், ஸ்விஃப்ட் ஏ ஃப்ரேம், அல்லது முழுச் செம்பில் செய்த பார்ன்ஸ் மாதிரி ஒன்று வேண்டும். நல்ல குண்டு போட்ட .375, மட்டமான குண்டு போட்ட .458ஐவிட ஆழமாகப் போகும்.

வேதாளை_உப்புக்காற்று

காலிபர் நீங்கள் முடிவு பண்ணுங்கள். டர்பனும் கடற்கரை என்பதால் ஒன்று. மண்டபம் கேம்ப்பில் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆட்கள் இரும்புத் தகடுகளை வரிசையாகக் கட்டித் துரு எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்கிற நிலையம் உண்டு. அவ்வளவு பொல்லாத காற்று நம்முடையது. டர்பன் காற்றையும் சாதாரணமாக நினைக்கவேண்டாம். பளபளப்பான ப்ளூயிங் (இரும்புக்குக் கொடுக்கிற நீலக்கருப்புப் பூச்சு) பார்க்க அழகு, முதல் மழைக்காலத்தில் வெளுத்துவிடும். துப்பாக்கியைப் பஞ்சு வைத்த பெட்டியில் பூட்டிவைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணி, காற்றோட்டமான அலமாரி.

கடல்தாண்டி_கீழக்கரை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. டர்பன் வந்ததும் ஆர்மரர் அய்யா சொன்ன சோதனையைச் செய்தோம். நண்பர் நிரப்பிக் கொடுக்க, நான் நின்றபடி.

லாட்டில் நாலு நிஜம், மூன்று டிரில். முதல் டிரில் ரவுண்டிலேயே குழல் முனை ஒரு சாண் முங்கியது. நண்பர் போனில் படம் பிடித்திருந்தார். பார்த்தபோது வெட்கமாக இருந்தது. வெடிக்காத துப்பாக்கிக்குக் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து நிற்கிறேன்.

மறுவாரம் வேறொருவரின் .375. முதல் டிரிலில் கொஞ்சம் அசைந்தது. இருபது ரவுண்டு கழித்து அசையவில்லை. 50 கஜத்தில் நின்றபடி ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள்.

போல்ட் முகத்தையும் கேட்டேன். 13.5தான், லேத்து தம்பிக்கு நன்றி. .375க்குக் குழல் ஆர்டர் போட்டாச்சு, 24 அங்குலம்.

பாம்பன்_லேத்து

தோற்றுவிட்டேன், ஆனால் முழுதாக இல்லை. போல்ட் 13.5 என்கிற வரைக்கும் .416 ரெமிங்டனுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

பழைய_ஆர்மரர்

நல்லது தம்பி. கன்ஸ்மித்திடம் இன்னும் இரண்டு மூன்று கேளுங்கள். கட்டைக்குக் குறுக்கே இரண்டு இரும்புப் போல்ட், ஒன்று உதை தாங்குகிற இடத்தில், ஒன்று மேகசினுக்குப் பின்னால். இல்லாவிட்டால் வால்நட் கட்டை நாளடைவில் பிளக்கும். வார் மாட்டுகிற முன் வளையத்தைக் கட்டையில் வைக்காமல் குழலிலேயே வைக்கச் சொல்லுங்கள், கட்டையில் இருந்தால் உதைக்கும்போது இடது கை விரலைக் கிழிக்கும். ஸ்கோப் ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு போதும், கண்ணுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி இருக்கணும். புருவத்தில் அரைவட்டத் தழும்போடு வந்த ஆட்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

கடல்தாண்டி_கீழக்கரை

எல்லாம் குறித்துக்கொண்டேன் அய்யா. நேற்று கட்டைக்கு அளவு எடுத்தார்கள். விசையிலிருந்து தோள்வரை 13½ அங்குலம் வந்தது. இத்தனை நாள் நான் சுட்ட .30-06இன் கட்டை 14¼. கை குட்டையானவன் நீளக் கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன் போல.